பேனலையே கூரையாகப் போடுவதற்கு முன்

கடலூரில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கொட்டகை போட வேண்டும் என்ற பேச்சும், சோலார் பொருத்த வேண்டும் என்ற பேச்சும் ஒரே கோடையில் எழுந்தன. பகலெல்லாம் வெயிலை வாங்கிய தளம் இரவு பத்து மணிக்கும் மேல்மாடி அறைகளுக்குள் வெப்பத்தை இறக்கிக்கொண்டிருந்ததால் முதலாவது தேவைப்பட்டது. இருமாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்ததால் இரண்டாவது தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் அந்த 500 என்ற எல்லையைக் கடக்கும் வீட்டில், கூடிய சில யூனிட்டுகளுக்கு மட்டும் அதிக விலை என்பதோடு கதை முடிவதில்லை, கீழ்ப்படிகளின் விகிதமும் சேர்ந்து மாறிவிடுகிறது என்பது கட்டணம் கட்டுகிறவர்களுக்குத் தெரியும். இரண்டு வேலைகளுக்கும் தனித்தனியே விலை கேட்டபோதுதான், தகரக் கூரை ஒன்றைப் போட்டு அதன் தலைமேல் பேனலை ஏற்றுவதற்குப் பதிலாகப் பேனலையே கூரையாகப் போட்டால் என்ன என்ற யோசனை வந்தது.

அந்தக் கூரை இப்போது ஐப்பசி, கார்த்திகை மழையையும் அக்கினி நட்சத்திரத்தையும் பார்த்துவிட்டது. இதே யோசனையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, கூரையோடு ஒன்றிய சோலாரை வாங்குகிறவர் முதலில் ஒரு கூரையைத்தான் வாங்குகிறார், மின்சாரம் அதற்கு அடுத்தது என்பதே. விற்க வருகிறவர்கள் வாட், திறன், மானியம் ஆகிய மூன்றைப் பற்றியே பேசுவார்கள்; இவை எல்லாருடைய விலைப்பட்டியலிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். தண்ணீர் எந்த வழியாக இறங்கும், காற்று எந்தப் பக்கத்திலிருந்து தூக்கும், எட்டாம் ஆண்டில் நடுவிலுள்ள ஒரு பேனல் கெட்டால் அதை மட்டும் எப்படிக் கழற்றுவது என்பவற்றில்தான் ஒருவருடைய வேலைக்கும் மற்றவருடைய வேலைக்கும் வேறுபாடு தெரியும்.

சோலார் ஓடுகளைப் பற்றி முதலில் விசாரித்தேன். 2016 அக்டோபரில் டெஸ்லா நிறுவனம் ஓடு போலவே தோன்றும் சோலார் கூரையை அறிமுகப்படுத்தியதிலிருந்து அந்தப் படங்கள் எல்லாருடைய கைபேசியிலும் சுற்றுகின்றன. அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் நம் ஊர் வீடுகளில் பெரும்பாலானவை சரிவே இல்லாத கான்கிரீட் தளங்கள். ஓட்டுக்காகச் சரிவுக் கூரை ஒன்றைப் புதிதாகக் கட்ட வேண்டும் என்றால் அது சோலார் செலவாக இராது, வீடு கட்டும் செலவாகிவிடும். இதைவிட முக்கியமான தடை, துண்டுகளின் எண்ணிக்கை. 540 வாட் பேனல் ஆறு போட்டால் மூன்று கிலோவாட்டுக்கு மேல் வந்துவிடும். 70 வாட் ஓடுகளாகப் போட்டால் அதே அளவுக்கு 45-க்கும் மேற்பட்டவை தேவைப்படும், அத்தனைக்கும் இணைப்பு முனைகள் வேண்டும். சோலார் அமைப்புகளில் சூடேறிக் கருகும் இடங்களில் முதன்மையானது இந்த இணைப்பு முனைதான். அது கூரைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருப்பது எனக்கு உவப்பாக இல்லை. நடுவண் அரசின் மானியத்துக்கு, மின்சாரத்தை உண்டாக்கும் சிறு தகடுகளான செல்களும் அவற்றைக் கோத்த பேனலும் உள்நாட்டில் செய்தவையாக இருப்பது கட்டாயம் என்பதால், இறக்குமதி ஓடுகள் அந்தக் கணக்கிலிருந்தும் விலகிவிடுகின்றன.

நாகர்கோவில் பக்கம் மங்களூர் ஓடு வேய்ந்த வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அங்கே சரிவு ஏற்கெனவே இருக்கிறது. ஓட்டின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அதே சட்டத்தில் பேனலை இறக்கிப் பொருத்துவது நியாயமான வழிதான். ஓட்டைவிடப் பேனலின் எடை மிகக் குறைவு என்பதால் மரச்சட்டத்துக்கும் சுமை கூடாது. கவனிக்க வேண்டியது பேனலும் ஓடும் சந்திக்கும் ஓரங்களில் போடும் தகர மடிப்பைத்தான். அதைச் செய்யத் தெரிந்த கைகள் சோலார்காரரிடம் இருக்காது, ஓடு வேய்கிறவரிடம் இருக்கும்.

அடுத்த வழி, கலர் கோட்டிங் ஷீட் போட்டு அதன் மேல் பேனலைப் பொருத்துவது. பெரும்பாலோர் செய்வது இதுதான், மலிவானதும் இதுதான். மழைக்கு ஷீட் பொறுப்பு, மின்சாரத்துக்குப் பேனல் பொறுப்பு என்று வேலை பிரிந்துவிடுவதால் ஒழுகல் பயம் குறைவு. கோயம்புத்தூரிலோ சேலத்திலோ இருந்தால் நானும் இதையே செய்திருப்பேன். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீட்டில் ஷீட்டின் ஆயுளும் பேனலின் ஆயுளும் ஒத்துவராது என்பதுதான் என்னைத் தடுத்தது. பேனலுக்கு 25 ஆண்டுகள் உற்பத்தி உத்தரவாதம் தருகிறார்கள். உப்புக்காற்றில் ஷீட்டின் திருகுத் துளைகள் அதற்கு வெகு முன்பே துரு பிடித்து விரியும். அப்போது ஷீட்டை மாற்ற வேண்டுமானால் மேலிருக்கும் பேனல்கள் அனைத்தையும் கழற்றி இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். அந்தக் கூலியையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு என்ற சொல் பொருந்தாமல் போகிறது. இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஷீட்டுக்கும் பேனலுக்கும் இடையே குறைந்தது பத்து சென்டிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். பேனல் தயாரிப்பாளர்களின் கையேடுகளிலேயே இந்த அளவை ஒட்டிய பரிந்துரை இருக்கிறது.

நாங்கள் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி. கால்வனைஸ் செய்த, அதாவது துத்தநாகம் பூசிய, இரும்புக் கால்களின் மேல் சட்டம், சட்டத்தின் மேல் சரிவின் போக்கில் ஓடும் அலுமினிய வாய்க்கால்கள், அவற்றின் மேல் பேனல்கள் என்பது அதன் அமைப்பு. பக்கத்துப் பக்கத்துப் பேனல்களுக்கு இடையே உள்ள விரற்கடை இடைவெளியில் ரப்பர் பட்டை அழுத்தப்பட்டிருக்கும். அதையும் மீறி இறங்கும் தண்ணீர் கீழே இருக்கும் வாய்க்காலில் விழுந்து சரிவின் அடியில் மழைநீரை ஏந்திக் குழாய்க்கு அனுப்பும் பெரிய தாரைக்குப் போய்ச் சேரும். ரப்பர் வெயிலில் ஒருநாள் இறுகி வெடிக்கும். வாய்க்கால் வெடிக்காது. ஆகவே ரப்பரையோ சிலிக்கான் பசையையோ மட்டும் நம்பித் தண்ணீரைத் தடுக்கிறோம் என்று யாராவது சொன்னால், அது சில ஆண்டுகளுக்கான கூரை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரிவின் போக்கில் ஓடும் இணைப்பைவிடக் குறுக்கே ஓடும் இணைப்புதான் தொல்லை தரும். மேல் வரிசைப் பேனலின் அடி விளிம்பும் கீழ் வரிசைப் பேனலின் தலை விளிம்பும் சந்திக்கும் இடத்தில், மேலிருந்து வரும் தண்ணீர் முழுவதும் அந்தப் பிளவைக் கடந்தாக வேண்டும். ஓடு ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காரும். பேனல் அப்படி உட்காராது, இரண்டும் ஒரே மட்டத்தில்தான் கிடக்கும். எனவே குறுக்கு இணைப்புகளின் எண்ணிக்கையை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும். 540 வாட் பேனல் ஒன்று ஏறத்தாழ 2.28 மீட்டர் நீளமும் 1.13 மீட்டர் அகலமும் உடையது. அதைச் சரிவுக்கு நெடுக்காக வைத்து, வரிசைக்கு மூன்றாக இரண்டு வரிசை போட்டோம். பதினொரு அடிக்குப் பதினைந்து அடி கூரையில் குறுக்கு இணைப்பு ஒன்றே ஒன்று. முதலில் வந்த வரைபடத்தில் பேனல்களைப் படுக்கையாக வைத்திருந்தார்கள். அப்படி வைத்தால் கூரையின் மொத்த அளவு மாறாவிட்டாலும் குறுக்கு இணைப்புகள் பெருகும். அந்த ஒற்றை இணைப்பிலும், முதல் பெருமழையில் வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடித்த சாரல் உள்ளே புகுந்து சொட்டியது. மேல் பேனலின் அடியில் செருகி, கீழ்ப் பேனலின் தலைமேல் நீட்டிய ஓர் அலுமினியப் பட்டை அதைத் தீர்த்துவிட்டது. அந்தப் பட்டை செல்களின் மேல் நிழல் விழாத அளவுக்குக் குறுகலாக இருக்க வேண்டும். ஒரு வரிசைச் செல்லில் விழும் மெல்லிய நிழலே அந்தப் பேனலின் உற்பத்தியைப் பெருமளவு குறைத்துவிடும்.

பசை பூச வேண்டிய இடங்களிலும் எந்தப் பசை என்று பார்க்க வேண்டும். காடி வாடை அடிக்கும் மலிவான சிலிக்கான், காயும்போது அமிலத்தை வெளியிட்டு உலோகப் பூச்சை அரிக்கும். நியூட்ரல் வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். பேனல் சட்டத்தின் அடியில் சிறு துளைகள் இருக்கும். அவை சட்டத்துக்குள் புகும் நீர் வெளியேறுவதற்காக வைத்தவை. ஒழுகலை அடைக்கிறேன் என்று அவற்றையும் சேர்த்துப் பூசிவிடும் வழக்கம் வேலையாட்களிடம் உண்டு. பூசும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.

தாரையின் அளவைக் கணக்கிடுவது எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். எங்கள் பேனல் பரப்பு 15.5 சதுர மீட்டர். கடலூரில் ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் கொட்டுவது நடக்கக்கூடியதே. அப்போது மணிக்கு ஆயிரத்தைந்நூறு லிட்டருக்கு மேல் ஒரே மூலைக்கு வரும். மூன்று அங்குலக் குழாயே இதைத் தாங்கும் என்றாலும் பக்கத்து வேப்பமரத்தின் இலையை எண்ணி நான்கு அங்குலம் போட்டோம். அந்தக் குழாயை மழைநீர்த் தொட்டியோடு சேர்த்துவிட்டதால், தகரக் கூரையின் துருவும் கலக்காத தண்ணீர் கிடைக்கிறது. கண்ணாடிமேல் விழுந்து வரும் மழைநீரைவிடச் சுத்தமானது மாடியில் வேறெங்கும் கிடைக்காது. பருவத்தின் முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுகிறோம்.

காற்றைப் பற்றிக் கடலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது எத்தனை கூரைகள் பறந்தன என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள். கட்டடங்களின் மேல் காற்று தரும் சுமையைக் கணக்கிட இந்திய தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி இருக்கிறது. அதில் சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் 39 மீட்டர். எங்கள் கரையோரத்துக்கும் 50 என்றே வைத்துப் பொறியாளர் கணக்கிட்டார். வேகத்தின் வர்க்கத்தை 0.6 ஆல் பெருக்கினால் அழுத்தம் வரும்: சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமம். எங்கள் கூரை முழுவதற்கும் அது இரண்டு டன்னைத் தாண்டுகிறது. கூரையின் கோணத்தையும் ஓரங்களையும் பொறுத்து இந்த எண் கூடவும் குறையவும் செய்யும், ஆனால் தோராயம் இதுதான். பக்கச்சுவர் இல்லாத கொட்டகைக்குள் காற்று நுழைந்து கீழிருந்து தூக்கும்போது இவ்வளவு விசை மேல்நோக்கி வரும். அதை எதிர்த்து நிற்க ஆறு பேனல்களின் எடை மொத்தம் இருநூறு கிலோவுக்குள்தான்.

சட்டம் அடிக்க வந்த பட்டறைக்காரர், “கான்கிரீட் கட்டை வச்சு அதுல காலை நிறுத்திடலாம் சார், தளத்துல ஓட்டையே போட வேணாம், வெயிட்டே புடிச்சுக்கும்” என்றார். தளத்தில் துளை போடக் கூடாது என்ற அவருடைய கவலை நியாயமானது. தட்டோடு பதித்த மாடியில் கண்ட இடத்தில் துளைத்தால் மறு மழையிலேயே கீழறையின் கூரையில் ஈரம் பூக்கும். ஆனால் இரண்டு டன் விசைக்கு எடையாலேயே ஈடு கொடுக்க வேண்டுமானால் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டை மாடியில் கொட்ட வேண்டியிருக்கும். அந்தச் சுமையைத் தளம் ஏன் சுமக்க வேண்டும்? வீட்டின் தூண்கள் மாடிக்கு வந்து முடியும் இடங்களிலேயே கால்களை நிறுத்தி, வேதிப்பசையில் ஊன்றிய ஆங்கர் போல்ட்டுகளால் பிடித்து, அதைச் சுற்றி மேடை கட்டி நீர்த்தடுப்புப் பூச்சு பூசினோம். இதற்காகக் கொட்டகை நான் விரும்பிய மூலையை விட்டு இரண்டடி தள்ளிப் போனது. பேனல் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தூண்தான் முடிவு செய்ய வேண்டும், காலி இடம் அல்ல.

பேனலின் தரவுத்தாளில் பின்பக்க அழுத்தத்துக்கு 2,400 பாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்கு 2,400 நியூட்டன், என்று எழுதியிருக்கும். அது சோதனையில் கொடுத்த அழுத்தம். அதைக் காப்புக் காரணியான 1.5 ஆல் வகுத்தால் வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளத்தக்கது 1,600. எங்கள் 1,500-க்கு அது மயிரிழையில் போதும் என்பதால், பேனலைச் சட்டத்தோடு இறுக்கும் கிளாம்ப் பிடிக்கும் இடங்கள் தயாரிப்பாளரின் கையேட்டில் குறித்த எல்லைக்குள் இருக்கின்றனவா என்பதை அளவுகோல் வைத்துப் பார்த்தோம். அந்த எல்லையை விட்டுத் தள்ளிப் பிடித்தால் 2,400 என்ற எண்ணுக்கே பொருள் இல்லை, உத்தரவாதமும் இல்லை. ஓரத்துப் பேனல்களுக்குக் கூடுதலாக ஒரு கிளாம்ப் போடச் சொன்னோம். இரும்பின் கால்வனைஸ் பூச்சு குறைந்தது 80 மைக்ரான் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் மாடியில் வைத்து வெல்டிங் செய்தால் பூச்சு அந்த இடத்தில் எரிந்துவிடும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். வெட்டுதல், துளைத்தல், பற்றவைத்தல் எல்லாவற்றையும் பட்டறையிலேயே முடித்து, அதன் பிறகு பூச்சுக்கு அனுப்பி, மாடியில் போல்ட் மட்டும் முடுக்குவது என்று பேசிக்கொள்வது நல்லது. கடலோரத்தில் திருகாணிகள் 316 தர எவர்சில்வராக இருக்கட்டும்.

சரிவு எந்தப் பக்கம், எவ்வளவு என்பதில் நான் படித்தவற்றுக்கும் எங்கள் மாடிக்கும் ஒத்துவரவில்லை. பேனல் தெற்கு நோக்கி, ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்ந்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி. எங்களுக்கு அது ஏறத்தாழ 12 பாகை. தெற்கே சாய்ந்தால் உயர்ந்த வாய் வடக்கே திறக்கும். அந்த வாய் வழியாகத்தான் ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் சாரலும் வரும். நாலரை மீட்டர் நீளச் சரிவில் 12 பாகை என்றால் வடக்கு விளிம்பு ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரும், எட்டுப் பாகை என்றால் அறுபத்து மூன்று சென்டிமீட்டரோடு நிற்கும். உற்பத்தியில் இதனால் வரும் இழப்போ ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டுக்குள் அடங்கும். காரணம், நம் ஊரில் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே நிற்பதில்லை. ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகலில் அது கடலூருக்கு வடக்கே இருக்கிறது. எனவே எட்டுப் பாகையாகக் குறைத்து, வடக்குப் பக்கத்தில் காற்றை உடைக்கும் அளவுக்கு ஒரு ஜாலித் தடுப்பு வைத்தோம். இன்னும் குறைத்தால் கீழ் விளிம்பில் தூசிச் சேறு தங்கும். எட்டுப் பாகையிலேயே சற்றுத் தங்கத்தான் செய்கிறது.

வெப்பத்தைப் பற்றி விற்பனையாளர்கள் இரண்டு தரப்பாகப் பேசினார்கள். பேனலைக் கூரையாக்கினால் பாதி உற்பத்தி போய்விடும் என்றார் ஒருவர்; ஒன்றும் ஆகாது என்றார் இன்னொருவர். கணக்கு இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. பேனலின் வாட் 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அளக்கப்படுவது. அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் திறன் 0.3 முதல் 0.35 விழுக்காடு வரை குறையும். கோடை நண்பகலில் காற்றோட்டமாக நிற்கும் பேனலே 65 பாகையைத் தொடும். அடிப்பக்கத்தை மூடிவிட்டால் இன்னும் பத்துப் பதினைந்து பாகை ஏறும். அந்தக் கூடுதல் வெப்பத்தால் உச்சி வேளையில் நான்கைந்து விழுக்காடு இழப்பு, நாள் முழுவதற்கும் பார்த்தால் அதைவிடக் குறைவு. ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட் என்று கொண்டால், எங்கள் 3.24 கிலோவாட் தரும் 13 யூனிட்டில் அரை யூனிட்டுக்கும் குறைவுதான் அது. இந்த அரை யூனிட்டுக்காக மட்டும் நான் அடிப்பக்கத்தைத் திறந்து வைக்கச் சொல்லவில்லை. வெந்துகொண்டே இருந்தால், செல்களைக் கண்ணாடியோடு பிடித்திருக்கும் ஒட்டுப்படலமும் இணைப்பு முனைகளும் விரைவில் மூப்படையும் என்பது ஒரு காரணம். மூடிய கொட்டகைக்குள் மனிதர் இருக்க முடியாது என்பது இன்னொரு காரணம்.

இதனால்தான், பேனல் கூரைக்கு அடியில் அறை கட்டலாமா என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்கிறேன். பொய்க்கூரை அடித்தால் காற்று நிற்கும், ஒயர்கள் மறையும், ஒழுகினால் எங்கே என்று தெரியாது. நாலு பக்கமும் திறந்த கொட்டகையாக இருந்தால் மாலையில் உட்காரலாம், துணி காயவைக்கலாம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கான்கிரீட் தளத்தின்மேல் வெயில் நேரே விழாது. எங்கள் மேல்மாடி அறைகளில் இரவு வெப்பம் குறைந்தது கொட்டகை மூடிய பகுதிக்கு நேர் கீழே மட்டுமே. மீதித் தளத்துக்கு வெள்ளை வெப்பத்தடுப்பு ஓடு பதித்தோம், அதுவும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. வரைபடம் முடியும் தறுவாயில் என் மனைவி, “வடாம் எங்கங்க காயப் போடறது?” என்று கேட்டது சிறிய கேள்வியாகத் தோன்றலாம். தெற்குப் பக்கத்தில் எட்டடி வெட்டவெளியை விட்டுவைத்தது அந்தக் கேள்வியால்தான், பின்னர் பேனலைக் கழுவ நீளக் கம்பியோடு நிற்பதற்கும் அந்த இடமே பயன்பட்டது.

தலைக்கு மேல் கண்ணாடி என்பதால் இருபுறமும் கண்ணாடி உள்ள பேனலை எடுத்தோம். பின்புறம் பிளாஸ்டிக் படலம் உள்ளவற்றைவிட ஒவ்வொன்றும் சில கிலோ எடை கூடும். உப்புக்காற்றின் ஈரம் பின்பக்கமாகப் புகுவது இதில் குறைவு; உடைந்தாலும் நடுவிலுள்ள ஒட்டுப்படலம் சில்லுகளைப் பிடித்துக்கொள்ளும். செல்களுக்கு இடையே வெளிச்சம் கசிந்து தரையில் கட்டம் கட்டமாக விழுவது பார்க்க நன்றாக இருக்கிறது. பின்பக்கமும் மின்சாரம் தரும் என்ற விளம்பரத்தை இங்கே பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொட்டகை நிழலில் பின்பக்கத்துக்குக் கிடைக்கும் ஒளி அற்பம். உப்புப் பனிச் சோதனைக்கான ஐ.இ.சி. 61701 சான்று தரவுத்தாளில் இருக்கிறதா என்பதைக் கடலோரத்தார் தவறாமல் பார்க்க வேண்டும்.

ஆறு பேனல்களைத் தொடராக இணைத்தால் மின்னழுத்தம் ஏறத்தாழ 300 வோல்ட் நேர்மின்சாரம். வெயில் இருக்கும்வரை அதை நிறுத்த முடியாது. பேனலின் நேர்மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரை அணைத்தாலும் பேனலிலிருந்து வரும் ஒயரில் அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். சாதாரண மாடி அமைப்பில் ஒயர்கள் யார் கையிலும் படாது. கொட்டகையில் அவை தலைக்கு மேலேயே ஓடுகின்றன. தாழ்ந்த பக்கத்தின் உயரம் கையெட்டாதபடி ஏழரை அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒயர்கள் குழாய்க்குள் போகட்டும். சட்டத்தில் துணிக்கொடி கட்டுவதற்கு வீட்டில் யாருக்கும் அனுமதி கிடையாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இணைப்பு முனைகளின் ஆணும் பெண்ணும் ஒரே தயாரிப்பாளருடையவையாக இருக்க வேண்டும். பார்வைக்குப் பொருந்துவதெல்லாம் உள்ளே பொருந்துவதில்லை.

மானியத்தைப் பொறுத்தவரை, 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் கிடைக்கும். அது கிலோவாட்டுக்குத்தான், கொட்டகைக்கு அல்ல. உயரமான கால்கள், வாய்க்கால், தாரை ஆகியவற்றின் செலவு முழுவதும் நம் கையிலிருந்து. ஆகவே விலைப்பட்டியலைச் சோலார் தனி, கூரை தனி என்று இரண்டாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். பிரித்துப் பார்த்தால்தான், தகரக் கூரைக்கு எப்படியும் ஆகியிருக்கும் தொகையைக் கழித்து, உண்மையில் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறோம் என்பது புலப்படும். பத்துக் கிலோவாட் வரை மின்வாரியத்தின் சாத்தியக்கூறு ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்று 2024-இல் விதி திருத்தப்பட்டிருப்பதால், விண்ணப்ப வேலை நான் எண்ணிய அளவுக்குச் சுமையாக இல்லை. இன்னொன்று, மின்வெட்டின்போது இந்த அமைப்பு நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக இன்வெர்ட்டர் தானே அணைந்துவிடும்படி செய்யப்பட்டிருக்கிறது. புயலுக்குப் பின் பல நாள் மின்சாரம் இல்லாத ஊரில் இதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். பழைய யூ.பி.எஸ். பேட்டரியை நாங்கள் அப்படியே வைத்துக்கொண்டோம்.

கழுவுவதற்கு எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உதவாது. உப்புப் படிந்து கண்ணாடியில் வெள்ளை பூத்துவிடுகிறது. மழைநீரை ஒரு டிரம்மில் எடுத்துவைத்து, காலையில் வெயில் ஏறுமுன் நீளத் தூரிகையால் தேய்க்கிறோம். மேல் வரிசைக்குத் தூரிகை எட்டுவதற்காகவே வடக்குச் சட்டத்தில் ஓர் ஆள் நிற்கும் பலகை வைத்தாயிற்று, ஏனென்றால் பேனலின் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. கண்ணாடி உடையாவிட்டாலும் உள்ளே செல்லில் மயிர்க்கீறல் விழும். பொருத்த வந்தவர்களிடமும் இதைக் கறாராகச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கினேன். கூரை ஒழுகலுக்கான பொறுப்பு எத்தனை ஆண்டு என்பது பேனல் உத்தரவாதத்திலிருந்து தனியாக இருக்க வேண்டும். பேனல் கம்பெனி ஒழுகலுக்குப் பொறுப்பேற்காது. நடுவிலுள்ள ஒரு பேனலைப் பக்கத்துப் பேனல்களைத் தொடாமல் மேல்நோக்கிக் கழற்ற முடிய வேண்டும். வேலை முடிந்த அன்றே ஒன்றைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொன்னேன். மூன்றாவது, அதே மாடல் பேனல் ஒன்று உதிரியாக வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சந்தையில் பரவலாக இருந்த பேனல் 1.65 மீட்டருக்கு 0.99 மீட்டர், இன்று அந்த அளவைத் தேடிப் பிடிப்பது கடினம். தனித்தனியே நிற்கும் பேனல் வரிசையில் வேறு அளவு வந்தால் சட்டத்தைச் சற்று மாற்றிச் சமாளிக்கலாம், வாய்க்காலின் மேல் இழைத்துப் பொருத்திய கூரையில் ஒரு விரற்கடை வேறுபாடும் ஓட்டைதான். உதிரிப் பேனலை மாடிப்படிக்குக் கீழே, கண்ணாடியின் ஓரம் தரையில் படாமல் இரண்டு மரக்கட்டைகளின் மேல் செங்குத்தாக நிறுத்தி, இணைப்பு முனைகளுக்கு மூடி மாட்டி வைத்திருக்கிறோம். படுக்கையாக வைத்தால் அதன்மேல் வீட்டுச் சாமான் ஏறத் தொடங்கிவிடும்.